நூற்று அறுபத்திரண்டு மீற்றர்

தூரம் காட்டும் பைனாகுலர் வாங்கப் போகிறவர்களுக்கு நான் சொல்லும் முதல் புத்திமதி, வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுப் போகவேண்டும் என்பதுதான். பசியோடு போனால் கடைக்காரன் முதலில் நீட்டுவதை வாங்கிக்கொண்டு வீட்டுக்கு ஓடிவந்துவிடுவீர்கள். நான் புட்டும் மீன்குழம்பும் சாப்பிட்டுவிட்டுப் போனேன். அதனால் மூன்றரை மணித்தியாலம் நின்று பேச முடிந்தது. கடைக்காரனுடைய தாடிக்குள் இரண்டு கவுதாரிகள் குடும்பம் நடத்தலாம், அவ்வளவு அடர்த்தி. நான் உள்ளே போகும்போது அது கறுப்பாக இருந்தது. வெளியே வரும்போது நரைத்திருந்தது. பொலிஸ் ஐயா நம்பாவிட்டால் ஆள் அனுப்பிப் பார்க்கலாம். இந்த வாக்குமூலத்தைப் பிரெஞ்சில் பெயர்க்கப்போகிற தனுஷா பிள்ளை அந்தப் புட்டை விட்டுவிடக் கூடாது.

என் பெயர் கிறிஸ்தோப்பர். மன்னார் ஆள். வயது அறுபத்தாறு. மொன்றியல் நகரத்து லாசாலில் ஆறாவது மாடியில் மனைவி அக்னெஸுடன் இருந்தேன். இருபத்தொரு வருடம் மூக்குக்கண்ணாடி வில்லை தீட்டும் பட்டறையில் வேலை. மொன்றியலில் பாதிப்பேர் என் தயவில்தான் பேப்பர் படிக்கிறார்கள். போன வருடம் ஓய்வு பெற்றேன். ஓய்வு பெற்றவனுக்குத் தன் வீட்டைப் பார்க்க நேரம் கிடைக்கிறது. அப்படிப் பார்த்தபோதுதான் அக்னெஸ் செவ்வாய்க்கிழமைகளில் வெளியே போகிறாள் என்பதைக் கண்டேன். கேட்டால், "இஞ்சேருங்கோ, கோயில் துப்புரவாக்கப் போறன்" என்பாள். கோயிலைப் போய்ப் பார்த்தேன். அது அவ்வளவு துப்புரவாக இல்லை.

என்னைப் பற்றித் தவறாக நினைக்கவேண்டாம். சந்தேகப்பிராணி அல்ல நான். கவனமான ஆள். அக்னெஸின் பாஸ்போர்ட்டையும் வங்கி அட்டையையும் என் அலுமாரியில் பூட்டி வைத்தேன். அவளுக்கு எதையும் தொலைக்கிற குணம். டெலிபோன் பில்லை நான்தான் வாசிப்பேன். அவளுக்குச் சின்ன எழுத்துத் தெரியாது. அடிக்கிற பழக்கம் எனக்குக் கிடையாது. ஒரேயொரு முறை அவளுடைய மணிக்கட்டு முறிந்தது. அது கதவின் பிழை. முப்பத்தேழு வருடத்தில் ஒரு கதவு ஒருமுறை பிழை விடுவது பெரிய காரியமல்ல.

இனி வேட்டைக்கு வருகிறேன்.

நாங்கள் மூன்று பேர். அருமைநாதன் அண்ணைக்கு எழுபது வயது. வன்னிக் காட்டில் பன்றி சுட்டுப் பழகியவர், எங்களுக்குள் துவக்கு லைசென்ஸ் உள்ள ஒரே ஆள். இரண்டாவது ஆள் யோசெப். நகரத்தின் மறுபக்கம் வில்லரேயில் தனியாக இருந்து டாக்சி ஓடியவன், மனைவி செத்து ஆறு வருடம். மூன்றாவது நான். ஒக்டோபர் வந்தால் வடக்கே நாலு மணித்தியாலம் வாகனம் ஓட்டி, ஒரு கிழவனுடைய காட்டுத் துண்டை வாடகைக்கு எடுத்து மூஸ் வேட்டைக்குப் போவோம். மூஸ் என்பது குதிரையின் உடம்பில் கொம்பு என்று ஒரு கட்டிலைச் சுமந்துகொண்டு திரியும் மரை. ஒன்று விழுந்தால் கோயில் சனம் முழுக்க நத்தார்ப் பண்டிகை வரை இறைச்சிக்கறி சாப்பிடும்.

யோசெப்பின் வேலை கூப்பிடுவது. மரப்பட்டையைக் குழலாகச் சுருட்டி வாயில் வைத்துப் பெட்டை மூஸ் மாதிரி ஊளையிடுவான். கேட்டால் பக்கத்து ஊர் மாட்டுப் பண்ணைக்காரர்கள் வேலியைப் பார்க்க ஓடுவார்கள். அவன் எங்களுக்கு எதிர்ப்பக்கம், சதுப்பின் அந்தக் கரையில் பற்றைக்குள் இருப்பான். நானும் அருமை அண்ணையும் இந்தக் கரையில். ஆண் மூஸ் சத்தத்தை நம்பி வெளியே வரும். நான் பார்த்துச் சொல்ல, அவர் சுடுவார்.

இதில் எங்களுக்கு ஒரு வழக்கம் இருந்தது. வன்னியில் வேட்டைக்காரர் காட்டுக்குள் மிருகத்தின் பெயரைச் சொல்லமாட்டார்கள், கூட வந்தவனின் பெயரையும் சொல்லமாட்டார்கள். பெயர் சொன்னால் வேட்டை கெட்டுவிடும் என்று நம்பிக்கை. கனடாவுக்கு வந்து, குளிர்ச் சப்பாத்துப் போட்டு, செல்போனும் வைத்துக்கொண்ட பிறகும் நாங்கள் அதை விடவில்லை. பாதர் ஒருமுறை மூடநம்பிக்கை என்றார். அவருக்குத் தொடை இறைச்சி அனுப்பிய பிறகு பேசாமல் விட்டார். ஆகவே பார்க்கிறவன் 'மரை நிற்கிறது' என்று சொல்லமாட்டான். தூரத்தை மட்டும் சொல்வான். தூரம் சொன்னால் சுடலாம் என்று அர்த்தம். தூரம் சொல்லாவிட்டால் துவக்கைத் தொடக்கூடாது.

அந்தத் தூரத்தைப் பனைக்கணக்கில் சொல்லிவந்தோம். கிடத்திப்போட்டால் எத்தனை பனை என்று. போன வருடம் ஒரு மூஸ் நின்றது. நான் பத்துப் பனை என்றேன். அருமை அண்ணை யாழ்ப்பாணத்துப் பனையை மனதில் வைத்துச் சுட்டார். நான் சொன்னது மன்னார்ப் பனை. குண்டு நிலத்தில் பட்டது. மூஸ் எங்களைத் திரும்பிப் பார்த்து, பரிதாபப்பட்டு, நடந்தே போனது. ஓடக்கூட இல்லை. திரும்பி வரும்போது யோசெப் நாலு மணித்தியாலமும் சிரித்தான். அன்றைக்குத்தான் மீற்றரில் தூரம் காட்டும் கருவி ஒன்று வாங்குவது என்று மூவரும் முடிவெடுத்தோம். வில்லை தெரிந்தவன் என்பதால் தெரிவு என்னுடையது.

இந்த வருடம் ஓகஸ்ட் மாதம் அருமை அண்ணையையும் கூட்டிக்கொண்டு கடைக்குப் போனேன். தாடிக்காரன் மேசை நிறையப் பரப்பினான். பத்து மடங்கு பெருப்பிப்பது வேண்டாம் என்றேன்; அறுபத்தாறு வயதுக் கை நடுங்கினால் அந்த நடுக்கத்தையும் பத்து மடங்கு பெருப்பிக்கும். எட்டு மடங்கு போதும். முன்வில்லை நாற்பத்திரண்டு மில்லிமீற்றராவது இருக்கவேண்டும், அப்போதுதான் மங்கல் பொழுதில் வெளிச்சம் பிடிக்கும். ஆயிரத்து இருநூறு மீற்றர் வரை அளக்கும் என்று பெட்டியில் அச்சடித்திருந்தது. அது மினுங்குகிற சுவருக்கு என்றும், மிருகத்தின் தோலுக்கு அதில் பாதியும் வராது என்றும் சொன்னேன். தாடிக்காரன் முதல்தடவையாக என்னை மரியாதையோடு பார்த்தான். கெஜ அளவைக் கழற்றி மீற்றருக்கு மாற்றித் தரச்சொன்னேன். சிலதில் தூரம் கறுப்பு எழுத்தில் தெரியும், இருண்ட காட்டைப் பின்னால் வைத்தால் வாசிக்க முடியாது. சிலதில் சிவப்பாக எரியும். சிவப்பைத்தான் எடுக்கவேண்டும். இதைத் தாராளமாக மற்றவர்களுக்கும் சொல்லலாம்.

அருமை அண்ணையிடம் ஒன்றைக் கொடுத்து வீதிக்கு அந்தப் பக்கம் பார்க்கச்சொன்னேன். அங்கே வீதி திருத்துகிற ஆட்கள் செம்மஞ்சள் சட்டையோடு நின்றார்கள்.

"எத்தினை எண்டு காட்டுது, அண்ணை?"

"நல்ல வடிவாத் தெரியுது."

"நம்பரைச் சொல்லுங்கோ."

"அதான் வடிவாத் தெரியுது எண்டிறனே. அந்த மண்ணிறச் சேட்டுக்காரன் சிகரெட் பத்திறது கூடத் தெரியுது."

யாரும் சிகரெட் பற்றவில்லை. சேட்டும் மண்ணிறமில்லை. இருபத்தொரு வருடம் கண்களோடு பிழைத்தவனுக்கு இது போதும். இரண்டு கண்ணிலும் புரை, நல்லாய் முற்றிய புரை. செம்மஞ்சளும் மண்ணிறமும் அவருக்கு ஒன்றாகிவிட்டது. சட்டப்படி வேட்டைக்காரர் எல்லோரும் போடுகிற செம்மஞ்சள் அங்கியை இனி அவரால் ஒரு மூஸின் தோலிலிருந்து பிரித்துப் பார்க்க முடியாது. மனிதர் இதை வெளியே சொன்னால் துவக்கு போய்விடும், துவக்குப் போனால் அவரும் போய்விடுவார். வயதில் பெரியவரை ஒரு தாடிக்காரன் முன்னால் அவமானப்படுத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை. பேசாமல் இருந்தேன்.

தாடிக்காரன் கடைசியில் ஒரு நல்ல யோசனை சொன்னான். சாதாரண பைனாகுலர் ஒன்றும், சட்டைப் பைக்குள் அடங்குகிற சின்ன அளவுகருவி ஒன்றும் தனித்தனியாக வாங்கினால் விலை குறைவு, பாரமும் குறைவு, ஒருவர் பார்க்க மற்றவர் அளக்கலாம் என்றான். நான் இரண்டும் சேர்ந்ததைத்தான் எடுத்தேன். ஏன் என்று நீங்கள் இரண்டு தடவை கேட்டீர்கள். அப்போது எனக்கும் தெரியாது. இப்போது யோசித்தால், பார்ப்பதும் அளப்பதும் சொல்வதும் ஒரே ஆளிடம் இருப்பது ஒழுங்கு என்று பட்டிருக்கவேண்டும்.

வேட்டைக்கு இன்னும் இரண்டு மாதம் இருந்தது. கருவியைச் சும்மா வைத்திருக்கக் கூடாது, பழகவேண்டும். எங்கள் பல்கனியிலிருந்து பேருந்து நிறுத்தம் நூற்று நாற்பத்தாறு மீற்றர். பலசரக்குக் கடை இருநூற்றெட்டு. அக்னெஸ் நிறுத்தத்துக்கு நடக்க இரண்டு நிமிடம் எடுப்பாள். ஒரு செவ்வாய்க்கிழமை நூற்றிருபதில் நின்று திரும்பி எங்கள் பல்கனியைப் பார்த்தாள். எட்டு மடங்கில் அவளுடைய முகம் எனக்குப் பதினைந்து மீற்றரில் நின்றது. கள்ளி முகம். எதற்குப் பயப்படவேண்டும், என்னைப் பார்த்து? பிறகு பேருந்து வந்தது. அவள் ஏறவில்லை. பின்னால் ஒரு டாக்சி வந்தது. அதில் ஏறினாள். ஓட்டியது யோசெப்.

அடுத்த செவ்வாய் நானும் ஒரு டாக்சி பிடித்துப் பின்னால் போனேன். ஓட்டிய ஹெயிட்டிக்காரருக்கு ஒரே சந்தோசம். முப்பது வருடமாக யாராவது இப்படிக் கேட்கமாட்டார்களா என்று காத்திருந்தாராம். சிவப்பு விளக்கு ஒன்றையும் மதிக்கவில்லை. வில்லரேயில் ஒரு செங்கல் வீட்டின் முன்னால் அவர்கள் நின்றார்கள். நான் பூங்காவில் ஒரு மரத்தின் பின்னால், இருநூற்றுப் பதினொரு மீற்றரில். வீட்டுக்குப் பெயர்ப்பலகை இல்லை. எல்லாத் திரையும் மூடியிருந்தது. அக்னெஸ் உள்ளே போனாள். யோசெப் போகவில்லை. காருக்குள் இருந்து பாண் சாப்பிட்டான், செபமாலை சொன்னான், ஒன்றேகால் மணித்தியாலம். அந்தக் கெட்டித்தனத்தை ஐயா கவனிக்கவேண்டும். குற்றமில்லாதவன் எதற்காக வெளியே இருக்கவேண்டும்?

அவர்கள் போன பிறகு மணியை அழுத்தினேன். ஒரு பெண்குரல், மிகவும் பணிவாக, ஆண்களுக்கு இங்கே அனுமதியில்லை, மிஸ்யூ, என்றது. பெண்கள் மட்டும் போகிற வீடு. அப்படி ஒரு வீட்டுக்குள் ஒரு ஆணை ஒளித்துவைத்தால் யார் தேடப்போகிறார்கள்?

செப்டெம்பர் கடைசி ஞாயிறு, பூசை முடிந்து வெளியே வரும்போது யோசெப் என்னை ஒதுக்குப்புறமாகக் கூட்டிப்போனான். கண்ணைப் பார்த்துக் கதைத்தான். அவன் சொன்னதை ஒரு எழுத்தும் மாற்றாமல் எழுதுகிறேன்.

"அண்ணை, நான்தான் அக்காவைக் கூட்டிக்கொண்டு போறன். ஒளிக்கயில்லை. அது புருசன்மாருக்குப் பயப்பிடுற பொம்பிளையள் போய்க் கதைக்கிற இடம். அவ உங்களுக்குப் பயப்பிடுறா. நீங்களும் ஒருக்கா ஆரோடையாவது கதையுங்கோ. நானே கூட்டிக்கொண்டு போறன்."

"ஓம். வேட்டை முடியட்டும். பேந்து கதைப்பம்" என்றேன்.

வேறு யாராவது என்றால் சட்டையைப் பிடித்திருப்பார்கள். என் மனைவி எதற்குப் பயப்படுகிறாள் என்பது இன்னொருவனுக்கு எப்படித் தெரியும்? முப்பத்தேழு வருடம் கூட இருந்த எனக்கே தெரியவில்லை. அதுவே ஒப்புக்கொண்ட மாதிரித்தான். அன்று வீட்டுக்கு வந்து அக்னெஸிடம் ஒன்றும் கேட்கவில்லை. வாசல் கதவுக்கு இரண்டாவது பூட்டுப் போட்டேன், இரண்டு சாவியும் என்னிடம்.

வேட்டைக்கு ஒக்டோபர் பதினான்காம் திகதி போனோம். நான் எதையும் திட்டமிட்டுக்கொண்டு போகவில்லை. ஐயா விரும்பினால் இதை அடிக்கோடிட்டுக்கொள்ளலாம். கருவியும் இரண்டு சோடி மின்கலமும் கொண்டுபோனேன், குளிரில் மின்கலம் சட்டென்று செத்துவிடும் என்பதால். போகும் வழியில் யோசெப் எங்களுக்கு வழமைபோல இடியப்பம் பிரித்துத் தந்தான். எனக்குக் காரம் ஆகாது என்று சம்பலைத் தனியாகக் கட்டியிருந்தான். அப்படியான ஆள்.

இரண்டாம் நாள் பின்னேரம் நாலரை. மேப்பிள் இலை பழுத்து, கரை முழுக்கச் செம்மஞ்சளும் மண்ணிறமும். யோசெப் அந்தக் கரையில் முக்கால் மணித்தியாலம் கூப்பிட்டான். பிறகு காற்றுத் திரும்பியது. தன் வாடை காட்டுக்குள் போகிறது என்று கண்டு அவன் இடம் மாற எழும்பியிருக்கவேண்டும். பற்றை அசைந்தது. அருமை அண்ணை துவக்கைத் தோளில் வைத்தார். அவருடைய மூச்சு மாறியதைக் கேட்டேன்.

"எவ்வளவு?" என்று காற்றோடு காற்றாகக் கேட்டார்.

நான் பைனாகுலரைத் தூக்கிப் பார்த்தேன். பற்றையை விலக்கிக்கொண்டு யோசெப் வெளியே வந்தான். எட்டு மடங்கில் அவன் எனக்கு இருபது மீற்றரில் நின்றான். அங்கி போட்டிருந்தான், ஒழுங்காக, நாடா கட்டி. மரப்பட்டைக் குழல் கக்கத்தில். எங்களை நோக்கிக் கையைத் தூக்கி ஆட்டினான். தான் இடம் மாறுகிறேன் என்று காட்டினான். சிரித்துக்கொண்டிருந்தான்.

பொத்தானை அழுத்தினேன். அவனுடைய நெஞ்சில் சிவப்பாக எண் எரிந்தது. ஒருமுறை அளந்ததை நான் நம்புவதில்லை. கை நடுங்கினால் பின்னாலிருக்கிற மரத்தை அளந்துவிடும். இன்னொருமுறை அழுத்தினேன். அதே எண்.

"நூற்று அறுபத்திரண்டு" என்றேன்.

அருமை அண்ணை நல்ல குறிக்காரர்.

அவர் அந்தக் கரைக்குப் போகும்வரை தான் மரை சுட்டதாகத்தான் நினைத்தார். முழங்கால் அளவு சதுப்பில் எழுபது வயதில் சந்தோசமாக நடந்தார். நான் பின்னால் நடந்தேன். அங்கே போய் அவர் எழுப்பிய சத்தத்தை எழுதத் தேவையில்லை. அன்றிலிருந்து அவர் தன் கண்ணைத்தான் குற்றம் சொல்லிக்கொண்டிருக்கிறார். உங்கள் ஆட்களும் அதைத்தான் எழுதினார்கள்: புரை மறைத்த கிழவனின் கவனக்குறைவு. நான் என்ன பார்த்தேன் என்று கேட்டார்கள். என் கருவி எத்தனை மடங்கு என்று ஒருவரும் கேட்கவில்லை. தாடிக்காரனிடம் விசாரித்திருந்தால் அவன் சொல்லியிருப்பான்.

இப்போது நீங்கள் கேட்காமலே சொல்கிறேன். அது யோசெப் என்று எனக்குத் தெரியும். முகத்தைக் கண்டேன், அங்கியைக் கண்டேன், சிரிப்பைக் கண்டேன். அருமை அண்ணையின் கண்ணுக்கு ஒன்றும் தெரியாது என்பதும், எண் சொன்னால் சுடுவார் என்பதும் எனக்குத் தெரியும். வாய் திறக்காமல் இருந்திருந்தால் போதும், யோசெப் இடம் மாறியிருப்பான். ஆனால் நான் துவக்கைத் தொடவில்லை, பொய்யும் சொல்லவில்லை. கேட்ட தூரத்தைச் சரியாகச் சொன்னேன், ஒரு மீற்றர் கூடக் குறைய இல்லை.

ஏழு வாரத்துக்குப் பிறகு ஏன் வந்து சொல்கிறேன் என்று ஐயா கேட்டீர்கள். செத்த வீடு முடிந்த மூன்றாவது செவ்வாய்க்கிழமை, நான் குளித்துக்கொண்டிருந்தபோது அக்னெஸ் பூட்டுக்காரனைக் கூப்பிட்டு இரண்டு பூட்டையும் திறப்பித்துக்கொண்டு போய்விட்டாள். அலுமாரியும் திறந்திருந்தது. ஆக, கூட்டிப்போக யோசெப் இல்லாமலும் அவள் போகிறாள். அப்படியென்றால் அது யோசெப் இல்லை. நான் பிழையாக நினைத்துவிட்டேன், அதை ஒப்புக்கொள்கிறேன். உண்மையான ஆள் இன்னும் வெளியே இருக்கிறான். வில்லரே வீட்டில் மணி அடித்தால் இப்போது குரல்கூட வருவதில்லை. உங்கள் ஆட்களைக் கேட்டால், அவள் பத்திரமாக இருக்கிறாள், விலாசம் தர முடியாது என்கிறார்கள். என்னிடமிருந்து பத்திரமாம்.

நான் சொல்லவேண்டியதையெல்லாம் சொல்லிவிட்டேன். பதிலுக்கு விலாசம் கேட்கவில்லை. சாட்சிப் பொருள் என்று எடுத்துவைத்திருக்கிற பைனாகுலரை மட்டும் திருப்பித் தந்து, ஒரு பின்னேரம் அவள் இருக்கிற வீதியின் கடைசியில் என்னை இறக்கிவிடுங்கள். இரண்டு பொலிஸ்காரர் பக்கத்தில் நிற்கட்டும். நான் கிட்டப் போகமாட்டேன், கூப்பிடமாட்டேன், அவள் என்னைக் காணவும் தேவையில்லை. எவ்வளவு தூரத்தில் நிற்கிறாள் என்று தெரிந்தால் போதும், நான் நிம்மதியாக இருப்பேன்.